சிறை தந்த மருத்துவர்: வில்லியம் ரெட்ஃபர்ன்

மணிமேகலைக் காப்பியத்துள் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை தமிழரின் அறச்சிந்தனை எட்டிய உயரங்களுள் ஒன்று. அமுதசுரபி ஏந்திய இளந்துறவி சிறையில் வாடியோர் பசியைத் தீர்க்கிறாள். வேண்டுவது யாதெனச் சோழ மன்னன் வினவியபோது, பொன்னும் பொருளும் கேளாது, சிறைச்சாலையை அறச்சாலையாக மாற்றித் தருமாறு வேண்டுகிறாள். மன்னனும் இசைகிறான். இக்காதையை வகுப்பறையில் நடத்தும்போதெல்லாம் மாணவியர் சிலர் தவறாது ஒரு வினா எழுப்புவதுண்டு. கதவு திறந்தபின் வெளியே வந்தவர்கள் எங்குச் சென்றனர்? ஊர் அவர்களை எவ்வாறு ஏற்றது? காப்பியம் அதனை விரித்துரைக்கவில்லை. புலவரின் நோக்கம் அஃதன்று.

அவ்வினாவுக்கு விடை தரவல்லது ஆஸ்திரேலிய நாட்டின் தொடக்ககால வரலாறு. இங்கிலாந்து தன் சிறைகளில் இடமில்லாத நிலையில், குற்றவாளிகளைக் கப்பலேற்றி உலகின் மறுகோடிக்கு அனுப்பி ஒரு குடியேற்றத்தை உண்டாக்கிற்று. 1788ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பதினொரு கப்பல்களுடன் தொடங்கிய அவ்வழக்கம் 1868 வரை நீடித்தது. இவ்வெண்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 1,60,000 பேர் அவ்வாறு நாடு கடத்தப்பட்டனர். அவர்களுள் ஒருவராகச் சென்று, மருத்துவராகத் தொண்டாற்றி, எண்ணற்ற உயிர்கள் பிழைக்க வழி செய்த ஒருவரின் வாழ்க்கையை இம்மலரின் வாயிலாக அன்பர்கள் முன் வைக்க விழைகிறேன். வில்லியம் ரெட்ஃபர்ன் என்பது அவர் பெயர்.

கலகமும் தண்டனையும்

ரெட்ஃபர்ன் இங்கிலாந்தின் வில்ட்சயர் மாவட்டத்தில் டிரவ்பிரிட்ஜ் என்னும் ஊரில் வளர்ந்தவர். அறுவை மருத்துவம் பயின்று, 1797ஆம் ஆண்டில் இலண்டன் அறுவை மருத்துவர் கழகத்தின் தேர்வில் தேறினார். தேறிய சூட்டோடு அரசுக் கடற்படையில் சேர்ந்து, ஸ்டாண்டர்டு என்னும் போர்க்கப்பலில் மருத்துவரின் உதவியாளராக அமர்ந்தார். அந்த ஆண்டு ஆங்கிலக் கடற்படை மறக்கவியலாத ஆண்டாகும்.

கப்பல் தொழிலாளர் நிலை அக்காலத்தில் மிக இரங்கத்தக்கதாய் இருந்தது. அவர்களுடைய ஊதியம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உயர்த்தப்படவில்லை. உணவு அளவு குறைந்தும் தரம் கெட்டும் இருந்தது. நோயுற்றோரைப் பேணுவாரில்லை. சவுக்கடி நாள்தோறும் நிகழ்ந்தது. 1797 ஏப்பிரலில் ஸ்பிட்ஹெட் துறைமுகத்திலிருந்த மாலுமிகள் ஒன்றுதிரண்டு கப்பலைச் செலுத்த மறுத்தனர். அரசு இறங்கிவந்து ஊதியத்தை உயர்த்தி, அவர்களை மன்னித்தது. அடுத்த மாதம் தேம்சு ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்த நோர் என்னுமிடத்தில் இரண்டாம் கலகம் மூண்டது. இம்முறை அரசு இரக்கம் காட்டவில்லை. தலைவராய் இருந்த ரிச்சர்டு பார்க்கர் சூன் இறுதியில் தூக்கிலிடப்பட்டார். அவரைத் தொடர்ந்து மேலும் இருபதுக்கு மேற்பட்டோர் தூக்குமரம் ஏறினர்.

ரெட்ஃபர்ன் பணியாற்றிய கப்பலும் இரண்டாம் கலகத்தில் கலந்துகொண்டது. அவர் வாளேந்தினாரல்லர், எவரையும் தாக்கினாருமல்லர். மாலுமிகள் தமக்குள் இன்னும் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று அறிவுரை கூறினார் என்பதே அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். அதிகாரிகளின் வரிசையில் இருந்த ஒருவர் கீழ்நிலை மாலுமிகளுக்கு அவ்வாறு சொன்னது பெருங்குற்றமாகக் கொள்ளப்பட்டது. கடற்படை நீதிமன்றம் அவரையும் தலைவர்களுள் ஒருவராகக் கருதி மரண தண்டனை விதித்தது. அவருடைய இளமையைக் கருதி உயிர்த்தண்டனை பின்னர் நீக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் சிறையிற் கழிந்தன. 1801ஆம் ஆண்டு நடுவில் மினோர்கா என்னும் கப்பலில், கலகக்காரர் எனப் பதிவு செய்யப்பட்ட கைதிகளுள் ஒருவராக, அவர் நியூ சவுத் வேல்சுக்கு அனுப்பப்பட்டார். டிசம்பர் மாதம் கப்பல் சிட்னியை அடைந்தது. கைதிகளைச் சுமந்து செல்லும் கப்பலின் கீழ்த்தளம் எத்தன்மையது என்பதை அவர் நூலிற் கற்கவில்லை. பல மாதங்கள் அதனுடன் வாழ்ந்து அறிந்தார். இச்செய்தியை அன்பர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் அவர் ஆற்றிய தலையாய பணிக்கு இதுவே வித்து.

தீவில் தொடங்கிய தொண்டு

மருத்துவம் அறிந்தவர் அரியராய் இருந்த நாடு அது. எனவே சிட்னி வந்த சில மாதங்களிலேயே, 1802இல், ரெட்ஃபர்ன் நார்ஃபோக் தீவுக்கு மருத்துவ உதவியாளராக அனுப்பப்பட்டார். சிட்னிக்குக் கிழக்கே பெருங்கடலில் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தொலைவில் கிடக்கும் சிறு தீவு அது. குடியேற்றத்திலும் மீண்டும் குற்றம் புரிந்தவர்கள் பலர் அங்கு வைக்கப்பட்டிருந்தனர். சவுக்கடிக்குப் பேர்போன இடம். கைதியின் முதுகில் சவுக்கு விழும்போது அருகில் நிற்பதும், பின்னர் அப்புண்ணுக்கு மருந்திடுவதும் மருத்துவரின் கடமைகளாக இருந்தன. தாமும் கைதியாக இருந்துகொண்டே இக்கடமையைச் செய்த ஒருவரின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நாம் உய்த்துணரத்தான் முடியும்.

அவருடைய உழைப்பைக் கண்ட ஆளுநர் கிங், 1803ஆம் ஆண்டு சூன் மாதம் அவருக்கு முழு மன்னிப்பு அளித்தார். சட்டத்தின் கண்ணில் ரெட்ஃபர்ன் அன்றே விடுதலை பெற்ற மனிதர். விடுதலை கிடைத்தவுடன் ஊர் திரும்ப வேண்டும் என்று அவர் துடிக்கவில்லை. மேலும் ஐந்து ஆண்டுகள் அத்தீவிலேயே மருத்துவம் பார்த்தார்.

1808இல் சிட்னிக்குத் திரும்பினார். அங்கு மருத்துவப் பற்றாக்குறை கடுமையாக இருந்தமையால் உதவி அறுவை மருத்துவராக நியமிக்கப்பட்டார். ஆனால் அவர் தேர்வில் தேறியதற்கான சான்றிதழ் கையில் இல்லை. கலகம், சிறை, கடல் ஆகிய மூன்றையும் கடந்து வந்தவரிடம் தாள் எவ்வாறு எஞ்சும்? குடியேற்றத்தின் தலைமை மருத்துவர் தாமசு ஜேமிசன் உள்ளிட்ட மூன்று மருத்துவர்கள் கூடி அவரை ஆய்ந்து, தகுதியுடையவர் எனச் சான்று வழங்கினர். ஆஸ்திரேலியாவில் நடைபெற்ற முதல் மருத்துவத் தேர்வு இதுவே என வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். ஒரு கண்டத்தின் மருத்துவக் கல்வி வரலாறு, முன்னாள் கைதி ஒருவர் தம் அறிவை மெய்ப்பித்துக் காட்டிய நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவது எண்ணி மகிழத்தக்கது.

சிட்னியின் மருத்துவர்

1810ஆம் ஆண்டு லாக்லன் மக்குவாரி ஆளுநராகப் பொறுப்பேற்றார். தண்டனைக் காலம் முடிந்தோ மன்னிப்புப் பெற்றோ விடுதலையானவர்கள், நல்லொழுக்கத்துடன் வாழ்வாராயின், சமுதாயத்தில் தாம் இழந்த இடத்தை மீண்டும் பெற உரிமையுடையர் என்பது மக்குவாரியின் கொள்கை. அக்கொள்கையை அவர் சொல்லளவில் நிறுத்தவில்லை. விடுதலை பெற்ற சிலரைத் தம் இல்லத்து விருந்துக்கு அழைத்து உடன் அமர்த்தினார். அவர்களுள் ரெட்ஃபர்னும் ஒருவர்.

அக்காலத்தில் சிட்னியில் புதியதொரு மருத்துவமனை எழுந்தது. அரசிடம் பணமில்லாமையால், வணிகர் மூவர் மருத்துவமனையைக் கட்டித் தருவதெனவும், அதற்கு ஈடாக ரம் மதுவைப் பெருமளவில் இறக்குமதி செய்யும் உரிமையை அவர்களுக்கு வழங்குவதெனவும் மக்குவாரி உடன்படிக்கை செய்தார். ஆகவே மக்கள் அதனை ரம் மருத்துவமனை என்றே வழங்கினர். மது விற்ற காசில் நோயாளிக்குக் கூரை வேய்ந்த விந்தை இது! 1816இல் திறக்கப்பட்ட அம்மருத்துவமனையின் பொறுப்பு ரெட்ஃபர்னிடம் வந்தது. அக்கட்டடத்தின் ஒரு பகுதி பின்னாளில் நியூ சவுத் வேல்சு நாடாளுமன்றமாகியது.

ரெட்ஃபர்னின் அன்றாடம் ஓய்வறியாதது. மருத்துவமனை நோயாளிகளைப் பார்த்ததோடு, சாலையமைக்கும் கைதிக் கூட்டங்களிலிருந்து வரும் நோயாளிகளுக்கு நாள்தோறும் புறநோயாளர் மருத்துவமும் செய்தார். நகரின் செல்வக் குடும்பங்கள் அவரையே நாடின. ஆளுநரின் மனைவி எலிசபெத்து 1814இல் மகனை ஈன்றபோது உடனிருந்து பார்த்தவரும் அவரே. காலில் விலங்கின் தழும்புடையோர்க்கும் ஆளுநர் மாளிகைக்கும் ஒரே மருத்துவர் அவராக இருந்தார். இளைஞர்களைத் தம்மிடம் பயிற்சிக்குச் சேர்த்து மருத்துவம் கற்பித்தமையால் ஆஸ்திரேலிய மருத்துவக் கல்வியின் தந்தை என்றும் அவரைப் போற்றுவர். 1811இல் சாரா வில்சு என்னும் நங்கையை மணந்தார். அவருடைய தந்தையும் நாடு கடத்தப்பட்டு விடுதலை பெற்றவர்.

அவரைக் குறையே இல்லாத உத்தமராகக் காட்டுவது என் நோக்கமன்று. பேச்சில் கடுமையும் செயலில் பொறுமையின்மையும் அவரிடம் இருந்தன. இன்சொல் அவருக்கு எளிதில் வாய்க்கவில்லை. எனினும் அவருடைய மருத்துவத் திறனை எதிரிகளும் மறுத்தாரில்லை. கடிந்து பேசினாலும் கைராசிக்காரர் என்று நம்மவர் சில மருத்துவரைச் சொல்வதில்லையா? அத்தகையவர் அவர்.

மூன்று கப்பல்கள்

ரெட்ஃபர்னின் வாழ்வில் நிலைத்த புகழுக்குரியது 1814ஆம் ஆண்டு. அதனைச் சொல்வதற்குமுன் கைதிக் கப்பல்களின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1790இல் வந்த இரண்டாம் கப்பல் தொகுதியை அடிமை வணிகத்தில் பழகிய ஒரு நிறுவனம் குத்தகைக்கு எடுத்திருந்தது. ஏறத்தாழ ஆயிரம் கைதிகள் ஏற்றப்பட்டனர். அவர்களுள் 250க்கு மேற்பட்டோர் கடலிலேயே மாண்டனர். தலைக்கு இவ்வளவு என ஏற்றும்போதே கூலி உறுதியாகிவிட்டமையால், உயிருடன் சேர்ந்தாலும் பிணமானாலும் குத்தகைக்காரருக்கு இழப்பில்லை. செத்தவனுடைய உணவு மிச்சம் என்னும் கொடுங்கணக்கும் அதில் இருந்தது. பின்னர் நிலை ஓரளவு சீர்பட்டதெனினும், கப்பலில் கைதியின் உயிர்க்குப் பொறுப்பேற்பவர் எவருமிலர்.

1814ஆம் ஆண்டில் சில மாத இடைவெளியில் மூன்று கப்பல்கள் சிட்னியை வந்தடைந்தன. பிப்ரவரியில் வந்த ஜெனரல் ஹியூவிட் கப்பலில் 300 கைதிகளுள் 34 பேர் வழியில் இறந்திருந்தனர். அடுத்து வந்த த்ரீ பீஸ் கப்பலில் சிலர் இறந்ததோடு, ஐம்பதுக்கு மேற்பட்டோர் கரை சேர்ந்தவுடன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சூலை மாத இறுதியில் வந்த சர்ரி கப்பலின் நிலை எல்லாவற்றிலும் கொடியது. டைஃபஸ் என்னும் நச்சுக் காய்ச்சல் அக்கப்பலைச் சூறையாடியது. 200 கைதிகளுள் 36 பேர் மாண்டனர். கைதிகளிடம் தோன்றிய நோய் மேல்தளத்தையும் விட்டுவைக்கவில்லை. கப்பலைச் செலுத்த வல்ல அதிகாரிகள் வீழ்ந்துபட்டமையால், கடலில் எதிர்ப்பட்ட வேறொரு கப்பலிலிருந்து மாலுமி ஒருவர் தம் உயிரைப் பொருட்படுத்தாது ஏறிவந்து அதனைச் சிட்னிக்குச் செலுத்தினார். நகருக்குள் நோய் பரவாதிருக்கத் துறைமுகத்தின் வடகரையில் கூடாரமிட்டு அக்கப்பலில் வந்தோரைத் தனித்து வைத்தனர்.

இச்சாவுகளின் காரணத்தை ஆராய்ந்து சொல்லுமாறு மக்குவாரி ரெட்ஃபர்னைப் பணித்தார். 1814 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட அவருடைய அறிக்கை ஆஸ்திரேலியப் பொதுநல மருத்துவத்தின் அடிப்படை ஆவணமாக மதிக்கப்படுகிறது. உடை, உணவு, காற்று, மருத்துவ உதவி என நான்கு தலைப்புகளில் அவர் சிக்கலைப் பகுத்துப் பார்த்தார். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் நிறைவில் வள்ளுவப் பெருந்தகை நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என மருத்துவத்தை நான்காக வகுத்தது இங்கு நம் நினைவுக்கு வருதல் இயல்பே. நோயை உடம்புக்குள் மட்டும் தேடாது சூழலிலும் தேடுதல் நல்ல மருத்துவரின் இயல்பு.

கைதிகளுக்குத் தரப்பட்ட மெல்லிய உடை தென்கடலின் குளிரைத் தாங்காது என்றார் ரெட்ஃபர்ன். ஜெனரல் ஹியூவிட் கப்பலில் நனைந்துபோன படுக்கைகள் கடலில் எறியப்பட்டதையும், கைதிகள் வெறும் பலகையில் கிடந்ததையும் எடுத்துக்காட்டினார். கீழ்த்தளத்தில் நெருக்கியடைத்து வைத்தவர்களை முறைவைத்து மேல்தளத்துக்கு அனுப்பிக் காற்று வாங்கச் செய்தல் வேண்டும்; தளங்களைக் கழுவி உலர்த்தித் தூய்மையாக்கி, புகையூட்டி நச்சு நீக்குதல் வேண்டும்; சவர்க்காரம் தருதல் வேண்டும்; உணவையும் நீரையும் உரிய அளவிற் குறையாது வழங்குதல் வேண்டும் என்றெல்லாம் வரிசைப்படுத்தினார்.

நான்காம் தலைப்பில்தான் அவருடைய அறிவின் கூர்மை வெளிப்பட்டது. அதுவரை கப்பல் மருத்துவரைக் கப்பல் உரிமையாளரே அமர்த்தினர். அத்தகைய மருத்துவர் திறமற்றவராகவோ, கப்பல் தலைவனுக்கு அஞ்சி அடங்கியவராகவோ இருந்தார். நோயாளிக்கு உணவு வேண்டுமெனக் கேட்கும் துணிவும், கேட்டாற் பெறும் அதிகாரமும் அவருக்கில்லை. ஆகவே கடற்படையில் பயின்ற தகுதியுள்ள மருத்துவர்களை அரசே தேர்ந்து அனுப்பவும், கப்பல் தலைவனுக்குக் கட்டுப்படாத தனி அதிகாரத்தை அவர்களுக்கு வழங்கவும் வேண்டும் என ரெட்ஃபர்ன் பரிந்துரைத்தார். நோய்க்கு மருந்து தேடியவர், மருந்து கொடுப்பவரின் அடிமைத்தனமே நோயின் வேர்களுள் ஒன்று எனக் கண்டார்.

இலண்டன் அரசு இதனை ஏற்றது. 1815 முதல் கைதிக் கப்பல்தோறும் கடற்படை மருத்துவர் ஒருவர் மேற்பார்வையாளராக அனுப்பப்பட்டார். அவர் நாட்குறிப்பு எழுதி ஒப்படைக்க வேண்டும் என்பதும் நடைமுறையாயிற்று. அதன்பின் கடற்பயணச் சாவுகள் வெகுவாகக் குறைந்து, ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவுக்கு இறங்கின. பிற்காலத்தில் பல்லாயிரக்கணக்கான கைதிகள் உயிருடன் கரை சேர்ந்தமைக்கு இவ்வறிக்கை ஒரு பெருங்காரணம். அவர்களுள் பெரும்பாலோர் ரெட்ஃபர்ன் என்னும் பெயரையே கேட்டிருக்கமாட்டார்கள். ஒருகாலத்தில் மினோர்காவின் கீழ்த்தளத்தில் கிடந்தவர் எழுதிய எழுத்து தங்களைக் காத்தது என்பதை அவர்கள் எங்ஙனம் அறிவர்?

மறுக்கப்பட்ட பதவி

இவ்வளவு தொண்டாற்றியவருக்குச் சமுதாயம் தந்த பரிசு யாது? சிட்னியில் இரு பிரிவினர் இருந்தனர். தம் விருப்பப்படி குடியேறியோர் ஒரு பிரிவினர். தண்டனை பெற்று வந்து விடுதலையானோர் மற்றொரு பிரிவினர். முதற்பிரிவினருள் செல்வாக்குடைய பலர் இரண்டாம் பிரிவினருடன் ஒரே பந்தியில் அமர மறுத்தனர். 46ஆம் படைப்பிரிவின் அதிகாரிகள் தம் உணவு மன்றத்துக்கு விடுதலை பெற்றோர் எவரையும் அழைப்பதில்லை என்றே முடிவு செய்து வைத்திருந்தனர். உடம்பு நோயுற்றால் ரெட்ஃபர்ன் வேண்டும். உண்ண அமர்ந்தால் அவர் வேண்டா! பந்தியில் ஒருவரை ஒதுக்குவதன் பொருளை நம் நாட்டவர்க்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

1817இல் நியூ சவுத் வேல்சு வங்கி தொடங்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநர்களுள் ஒருவராக ரெட்ஃபர்ன் விளங்கினார். தலைமை மருத்துவர் டார்சி வென்ட்வொர்த்து ஓய்வு பெறும் காலம் நெருங்கியபோது, அப்பதவிக்கு ரெட்ஃபர்னே உரியவர் என மக்குவாரி பரிந்துரைத்தார். பத்தாண்டு உழைப்பும் அனுபவமும் அவர் பக்கம் இருந்தன. ஆனால் இலண்டன் அரசு ஜேம்சு போமன் என்பவரை அனுப்பிவைத்தது. மனம் நொந்த ரெட்ஃபர்ன் 1819இல் அரசுப் பணியினின்றும் விலகினார்.

அவரது மனப்புண்ணை ஆற்ற விரும்பிய மக்குவாரி, அதே ஆண்டில் அவரை நடுவர் பதவியில் அமர்த்தினார். அப்போது குடியேற்றத்தின் நிலையை ஆராய இலண்டனிலிருந்து வந்திருந்தவர் ஜான் தாமசு பிக் என்னும் ஆணையர். ஒருகாலத்தில் மரண தண்டனை பெற்றவர் நீதி வழங்கும் இருக்கையில் அமர்வதா எனப் பிக் எதிர்த்தார். மக்குவாரி விட்டுக்கொடுக்கவில்லை. ஈற்றில் அமைச்சர் பாத்தர்ஸ்டு பிரபு ரெட்ஃபர்னை நடுவர் பதவியிலிருந்து நீக்குமாறு ஆணையிட்டார். பிக்கின் அறிக்கை மருத்துவமனை நிருவாகத்திலும் ரெட்ஃபர்னின் நடத்தையிலும் குறைகள் கண்டது. அவற்றுட் சில மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் நடுவர் பதவிக்கு அவர் தகுதியற்றவர் எனக் கூறப்பட்டதற்குத் தலையாய காரணம் 1797ஆம் ஆண்டின் தீர்ப்பேயாகும். ஆளுநரின் மன்னிப்பு கிடைத்துப் பதினாறு ஆண்டுகள் கடந்தும் அத்தீர்ப்பு உயிருடன் இருந்தது.

பலர்க்காக ஒரு விண்ணப்பம்

இந்நிலையில் ரெட்ஃபர்னின் தனித்துயரத்தினும் பெரியதோர் இடர் தோன்றியது. ஆளுநர்கள் வழங்கிய மன்னிப்பு அரசரின் பெருமுத்திரை பெறாதவரை சட்டத்தில் நிறைவுடையதன்று என இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் 1819இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. சிட்னி நீதிமன்றமும் 1820இல் அதனைப் பின்பற்றியது. இதன் விளைவு அச்சந்தருவது. விடுதலை பெற்றோர் வழக்குத் தொடர முடியாது. அவர்கள் வாங்கிய நிலத்துக்கும் வீட்டுக்கும் உரிமை ஐயத்துக்குரியதாகும். அவர்களுடைய பிள்ளைகளின் மரபுரிமையும் ஆட்டங்காணும். குடியேற்றத்தின் மக்களுள் பெரும்பகுதியினர் ஒரே நாளில் சட்டத்துக்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர்.

1821இன் தொடக்கத்தில் விடுதலை பெற்றோர் சிட்னியிற் கூடி, மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் விண்ணப்பம் ஒன்றை வரைந்தனர். அவ்வியக்கத்தின் முன்னணியில் ரெட்ஃபர்ன் நின்றார். அவ்விண்ணப்பத்தை இலண்டனுக்கு எடுத்துச் செல்லும் பொறுப்பு அவருக்கும் எட்வர்டு ஈகர் என்னும் வழக்கறிஞர்க்கும் தரப்பட்டது. ஈகரும் நாடு கடத்தப்பட்டு வந்தவரே. கைதியாக வந்த கடல்வழியே, ஆயிரக்கணக்கானோரின் தூதராக ரெட்ஃபர்ன் திரும்பிச் சென்றார்.

1823ஆம் ஆண்டின் நியூ சவுத் வேல்சுச் சட்டம் ஆளுநர்களின் மன்னிப்புக்கு அக்குடியேற்றத்தினுள் முழு ஆற்றல் வழங்கியது. முன்னர் வழங்கப்பட்ட மன்னிப்புகளும் செல்லுபடியாயின. விடுதலை பெற்றோர் தம் நிலத்தில் அச்சமின்றி உழவும், பிள்ளைகளுக்கு அதனை விட்டுச் செல்லவும் வழி பிறந்தது. சமுதாய மதிப்பைச் சட்டத்தால் தர இயலாதெனினும், நின்று போராட ஒரு தளத்தை அது தந்தது.

இங்கு ஒன்றனை எண்ணிப் பார்க்க வேண்டும். 1797இல் மாலுமிகள் ஒற்றுமையாக இருத்தல் வேண்டும் என்று கூறியது ரெட்ஃபர்னின் குற்றம். 1821இல் விடுதலை பெற்றோர் ஒன்றுபட்டு உரிமை கேட்க வேண்டும் என முன்னின்றது அவர் தொண்டு. இரண்டும் ஒரே மனத்தின் செயல்கள். சிறையிற் கிடந்து திருந்தியவர் எனப் பொதுவாக இத்தகையோரைப் போற்றுகிறோம். ரெட்ஃபர்ன் எதிலிருந்து திருந்தினார்? அடித்தளத்தில் வாடுவோர்மீது அவர் கொண்ட பரிவு மாறவில்லை. அதனை வெளிப்படுத்தும் வழி முதிர்ந்தது. கலகக்காரரின் காதில் சொன்ன சொல், மருத்துவரின் அறிக்கையாயிற்று. பின்னர் நாடாளுமன்றத்துக்கு எழுதிய விண்ணப்பமாயிற்று. திருந்த வேண்டியிருந்தவை கப்பலும் நீதிமன்றமும் விருந்துப் பந்தியும் ஆகும். அவற்றைத் திருத்தும் பணியில் அவர் தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

இறுதி நாள்களும் எஞ்சிய பெயரும்

இலண்டன் பணிக்கிடையே உடல்நலம் கருதி மதேரா தீவுக்குச் சென்ற ரெட்ஃபர்ன், அங்குக் கொடிமுந்திரிச் சாகுபடியைக் கற்று வந்தார். 1824இல் சிட்னி மீண்டவர், கேம்பல்டவுனுக்கு அருகில் தமக்கிருந்த கேம்பல்ஃபீல்டு பண்ணையில் ஆடு வளர்த்தலிலும் பயிர்த்தொழிலிலும் ஈடுபட்டார். ஆளுநர் மக்குவாரியின் மனைவி பிறந்த குடும்பத்தின் பெயரையே பண்ணைக்கு இட்டிருந்தமை அவருடைய நன்றியுணர்வைக் காட்டும். 1826இல் மருத்துவத் தொழிலை அறவே விடுத்தார். 1828இல் மகனின் கல்வியை முன்னிட்டு எடின்பரோவுக்குச் சென்றார். மீண்டும் ஆஸ்திரேலிய மண்ணை மிதிக்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1833 சூலையில் அந்நகரிலேயே காலமானார்.

சிட்னிக்குத் தெற்கே அவருக்கு 1817இல் நூறு ஏக்கர் நிலம் வழங்கப்பட்டிருந்தது. அவ்விடத்தில் எழுந்த புறநகர் இன்றும் ரெட்ஃபர்ன் என்றே வழங்குகிறது. இதனைச் சொல்லும்போது மறைக்கக்கூடாத உண்மை ஒன்றுண்டு. அந்நிலம் அரசு கொடுத்த கொடையெனினும், அரசுக்கு அது எவரும் கொடுத்த நிலமன்று. காடிகல் என்னும் பழங்குடியினர் தொன்றுதொட்டு வாழ்ந்த மண் அது. விடுதலை பெற்ற கைதிக்கு மதிப்பளிக்க முற்பட்ட ஆட்சி, மண்ணின் மைந்தரைக் கேளாமலே அவர் நிலத்தைப் பங்கிட்டது. ஒருவர்க்குச் செய்த நீதியுள் மற்றொருவர்க்குச் செய்த அநீதி கலந்துகிடந்தது. ரெட்ஃபர்னின் காலத்தில் இதனை வினவியோர் அரியர்.

ஆயினும் வரலாறு சில வேளைகளில் வியப்பான முறையில் கடன் தீர்க்க முற்படுகிறது. இருபதாம் நூற்றாண்டில் அதே ரெட்ஃபர்ன் பகுதி நகரத்துப் பழங்குடி மக்களின் வாழிடமாகவும் உரிமை இயக்கத்தின் நடுவிடமாகவும் ஆனது. பிற மருத்துவமனைகளில் புறக்கணிக்கப்பட்ட அம்மக்கள், 1971ஆம் ஆண்டு தாமே நடத்தும் மருத்துவ நிலையம் ஒன்றை அங்கு நிறுவினர். ஆஸ்திரேலியாவில் பழங்குடியினர் தம் பொறுப்பில் தொடங்கிய முதல் மருத்துவ நிலையம் அது. 1992 டிசம்பர் 10ஆம் நாள் அவ்வூர்ப் பூங்காவில் நடந்த கூட்டத்தில்தான், பழங்குடியினரின் நிலத்தைப் பறித்து அவர்தம் வாழ்வைச் சிதைத்தவர்கள் குடியேறியவர்களே என்பதைத் தலைமை அமைச்சர் பால் கீட்டிங் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

மணிமேகலை வேண்டியவாறு சிறைக்கோட்டத்தின் கதவைத் திறக்க ஓர் ஆணை போதும். வெளியே வருபவனுக்குப் பந்தியில் இலை போடுவதற்கு ஊராரின் மனம் திறக்க வேண்டும். ரெட்ஃபர்னுக்கு முதலாவது 1803இல் கிடைத்தது; இரண்டாவது அவர் வாழ்நாளில் முழுதாகக் கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை காத்திராது, தமக்கு இலை போட மறுத்த ஊரின் நோயையும் தீர்த்து, தமக்குப்பின் கப்பலேறிய முகமறியாக் கைதிகளுக்குக் காற்றும் உடையும் உணவும் கிடைக்க வழிசெய்தார். சிறை மீண்டு நம் தெருவுக்குத் திரும்பி வந்து, வேலை கேட்டு வாயிலில் நிற்கும் ஒருவரைக் காணும்போது, இம்மருத்துவரின் வாழ்க்கையை நாம் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நலம்.